நாலாவது விதி

9 ஜூன் 2025, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கைப்பையைக் கவிழ்த்தேன். அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. நேற்றைய கூட்டத்தில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள் சாப்பாட்டு மேஜையில் விழுந்தன. முப்பத்தொன்று. ஒவ்வொன்றாக எடுத்து, இவர் யார், என்ன வேலை, இவருக்கு என்னால் ஏதாவது ஆகுமா, எனக்கு இவரால் ஏதாவது ஆகுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

பதினேழு பேரின் முகமே நினைவில்லை. மீதிப் பதினாலு பேரில் ஒருவருக்கும் என்ன தேவை என்று தெரியாது. ஆனால் பதினாலு பேருக்கும் சொந்த ஊர் தெரிந்தது! சோலார் போடுகிறவர் பேரையூர். பல் டாக்டர் திருமங்கலம் தாண்டி. இன்னொருவர் மேலூர்ப் பக்கம், மாமனார் வீடு நத்தம். மாமனார் ஊர் வரைக்கும் தெரிகிறது. அவர் ஜிஎஸ்டி பார்க்கிறவரா இன்சூரன்ஸ் விற்கிறவரா என்பது கார்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஒன்பது வருஷமாக, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக் காலையை நான்மாடம் தொழில் நண்பர்கள் வட்டத்துக்குக் கொடுக்கிறேன். ஒருவருக்கு ஒருவர் தொழிலில் கைகொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்த வட்டம். வில்லாபுரத்திலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பி, பைபாஸ் ரோட்டு ஓட்டல் மாடிக்குப் போய், பொங்கல் சாப்பிட்டு, கை தட்டி, வீட்டுக்கு வருகிறேன். நேற்று கடிகாரம் பார்த்தேன். இரண்டரை மணி நேரக் கூட்டம். அதில் சால்வை போடுவதற்கு மட்டும் நாற்பத்தேழு நிமிடம். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தது பதினெட்டு நிமிடம். தொழிலைப் பற்றி யாராவது யாரிடமாவது பேசியது? வடைக்கு வரிசையில் நின்றபோது.

பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்கிறது. என் வீட்டுக்காரர் அடுப்பு பற்ற வைத்திருக்கிறார் போல.

11 ஜூன், புதன்

குழுவின் வாட்ஸப்பில் அந்த நாற்பத்தேழு நிமிடத்தைப் போட்டுவிட்டேன். கோபமாக ஒன்றும் எழுதவில்லை. கணக்கை மட்டும் போட்டேன்.

முதல் பதில் செயலாளர் சூரியபிரகாஷ். ஆடிட்டர். நிகழ்ச்சி நிரலை லேமினேட் செய்து எடுத்து வருகிறவர். "மேடத்துக்கு இந்த மாசம் சால்வை போடல, அதான் கோவம்." கீழே பதினொரு சிரிப்பு பொம்மை. அச்சகம் வைத்திருக்கிற வெள்ளைத்துரை ஐயா, "சால்வை இல்லாட்டி குளிருமே தாயி" என்று எழுதினார். அவர்தான் சால்வையும் நினைவுக் கேடயமும் சப்ளை. அவருக்குக் குளிரத்தான் செய்யும்.

மத்தியானம் தலைவரே போன் பண்ணினார். அழகுமலை அண்ணன். அடுக்குமாடி கட்டுகிறவர். குரலே மைக் பிடித்த மாதிரி இருக்கும்.

"தங்கச்சி, குறை சொல்றது லேசு. நீயே நடத்து. மூணு கூட்டம் உனக்கு. மேடை வேணும்னா வை, வேணாம்னா பேத்தெறி. மூணாவது முடிஞ்சு நாலு பேராச்சும் 'எனக்கு இன்ன வேலை நடந்துச்சு'ன்னு சொல்லணும். சொல்லலேன்னா பழையபடி சால்வைதான். அப்பறம் வாயே தொறக்கக் கூடாது, ஆமா."

"சரிண்ணே."

"சரின்னு பட்டுன்னு சொல்லிட்ட? யோசிக்கிறேன்னு சொல்லுவன்னு பாத்தேன்."

ஒன்பது வருஷம் யோசித்தாயிற்று. போதும்.

15 ஜூன், ஞாயிறு

சரண்யாதேவிக்குப் போன் பண்ணினேன். இருபத்தெட்டு வயசு, ஆர்க்கிடெக்ட். பிப்ரவரியில் சேர்ந்தாள், இரண்டே கூட்டம், அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று தெரிந்தால் கூட்டத்தை எங்கே பிரித்துத் தைக்க வேண்டும் என்று தெரியுமே.

முதலில் "வேலை ஜாஸ்திக்கா" என்றாள். நிஜமாவா என்று மறுபடி கேட்டேன். அப்புறம் சொன்னாள்.

"ரெண்டு கூட்டத்துலயும் நான் என்ன கட்டியிருக்கேன்னு ஒருத்தர் கேக்கலக்கா. எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னா, ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு கேட்டாங்க. தெருவச் சொன்னதும் எல்லாரும் பொங்கலுக்குப் போயிட்டாங்க. எனக்கும் பசிதான். ஆனா எதுக்கு அம்புட்டுத் தூரம் வந்து சாப்புடணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இந்தச் சீமையில் சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஊர் கேட்பார்கள். பிறகு தெரு. தெரு தெரிந்தால் போதும், மீதி எல்லாம் தெரிந்துவிடும். கேட்பவர்கள் அதைப் பாசம் என்றே நம்புகிறார்கள்.

எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் கூட்டத்தில் அழகுமலை அண்ணன் என்னையும் கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். "அட, நம்ம ஆளு!" என்று உரக்கச் சொல்லி, பக்கத்திலிருந்த நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தெருவைக் கேட்கவே இல்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, சொந்தமாக லேப், பருத்திச் சேலை, நிமிர்ந்த பேச்சு. தெருவைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை.

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். பொய் சொல்லவில்லை. சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் கட்டுகிற ஒவ்வொரு இடத்தின் போர் தண்ணீரும் ஒத்தக்கடையில் என் லேபுக்குச் சோதனைக்கு வர ஆரம்பித்தது. இன்று வருகிற சாம்பிளில் பாதி அவர் சொல்லி வருவது. ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை. ஆனாலும்.

சரண்யா சொன்ன தெருவும் என் தெருவும் ஒரே மாதிரித் தெருதான். வேறு வேறு ஊர், அவ்வளவே. இதை அவளிடம் சொன்னேனா? இல்லை. பாரேன், இந்த நோட்டில்கூடத் தெருவின் பேரை எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

நாலு விதி எழுதினேன்.

மேடை கிடையாது, சால்வை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. ஒரு மேஜைக்கு ஆறு பேர், அரை மணிக்கு ஒருமுறை மேஜை மாற வேண்டும். உட்கார்ந்ததும் பெருமை பேசக் கூடாது, "என் வேலையில் எனக்கு மாட்டிக்கொண்டு நிற்பது இது" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நாலாவது: யாரும் யாரிடமும் சொந்த ஊர் கேட்கக் கூடாது.

இவரிடம் காட்டினேன். முத்துக்குமரனுக்குப் போக்குவரத்து டெப்போவில் நேரக் கண்காணிப்பு வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் நேரம் சரியா என்றுதான் பார்ப்பார். முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். நாலாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"மதுரையில உக்காந்துக்கிட்டு ஊரு கேக்கக் கூடாதுங்கிறியா? டீக்கடைக்கு வா, டீ மட்டும் குடிக்காதேங்கிற மாதிரி இருக்கு."

"குடிக்கட்டும். இந்த ரெண்டரை மணி நேரம் மட்டும் குடிக்க வேணாம்."

"கேக்குறவங்களத் தடுத்துருவ. சரி. நீ சொல்லிட்டியா வாணி?"

காய் நறுக்கப் போய்விட்டேன். வெண்டைக்காய் அரைக் கிலோவையும் நறுக்கி முடித்தபிறகுதான் இன்றைக்குப் புளிக்குழம்பு வேண்டாம், ரசம் போதும் என்று காலையில் முடிவு பண்ணியது ஞாபகம் வந்தது.

2 ஜூலை, புதன்

மேடை வேண்டாம், நாற்காலியை வட்டமாகப் போடுங்கள் என்றதும் ஓட்டல் மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "துக்கம் ஏதும் ஆயிருச்சா மேடம்?" என்றார்.

13 ஜூலை, ஞாயிறு

முதல் கூட்டம் முடிந்தது. தோல்வி. எழுதித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். நாலு விதியையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒருவர்கூட ஊர் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும், ஒருவர்கூடக் கேட்கவில்லை!

"பொங்கலுக்கு எங்க போவீங்க?"

"குலசாமி எந்தப் பக்கம்?"

"பத்தாவது எந்த ஸ்கூல்? அப்பப் பஸ்ஸுலயா, நடந்தா?"

"உங்க ஊர்ப் பேரக் கேக்கல சார். உங்க ஊருக்கு எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க."

படித்தவர்கள். டாக்டர், வக்கீல், இன்ஜினியர். பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைகளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். அரை மணியில் மேஜை மாறச் சொன்னால், பக்கத்து ஊர்க்காரரைக் கண்டுபிடித்தவர்கள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். மாட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்லுங்கள் என்றால், "கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லாப் போகுது" என்கிறார்கள். நாலு பேர் முன்னால் தொழிலில் சிக்கல் என்று சொன்னால் கௌரவம் என்னாவது?

கடைசியில் வெள்ளைத்துரை ஐயா அக்குளில் மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்தார். உறுப்பினர் யாருக்கும் போடக் கூடாதுதானே விதி என்று கேட்டுவிட்டு, ஓட்டல் மேனேஜருக்குப் போட்டார். ஒரே கைதட்டல். மேனேஜர் அதோடுதான் பில் கொண்டுவந்தார்.

நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் எரிந்தது.

சரண்யா வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

14 ஜூலை, திங்கள்

சூரியபிரகாஷ் அனுப்பியிருக்கிறார்: "மேடம், ரெண்டாவது கூட்டத்துக்குப் பேசாம பரீட்சை ஹால் மாதிரி ஆளுக்கு ஒரு பெஞ்சு போட்ருவோமா?"

போடுவேன்யா. பெஞ்சு போடுவேன், ஹால் டிக்கெட்டும் குடுப்பேன். என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க எல்லாரும்? ஒரு நாள் பல்லைக் காட்டிட்டா விட்டுட்டுப் போயிருவேன்னா? இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கு. ரெண்டையும் நடத்துவேன். எவன் வந்தாலும் வராட்டியும்.

(மாலை.) கோபம் அடங்கியது. யோசித்தேன். தப்பு என் பக்கமும் இருக்கிறது. கேட்காதே என்று சொன்னேன், அந்த வாய்க்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்தால் எங்காவது ஆரம்பிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரே ஆரம்பம் ஊர்.

அப்படியென்றால் வேறு ஆரம்பம் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். கையிலேயே.

26 ஜூலை, சனி

லேபில் கிடைத்தது. ஒருத்தர் போன் பண்ணி தண்ணீரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் எனக்கு ஒன்றும் விளங்காது. பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால் பாதி விளங்கிவிடும்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு விசிட்டிங் கார்டு வேண்டாம். ஆளுக்கு ஒரு பொருள். வேலையில் கெட்டுப் போனது, உடைந்தது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது. அதை மேஜை நடுவில் வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பெருமை பேசத் தேவையில்லை, சிக்கல் என்று வாயால் சொல்லவும் தேவையில்லை. பொருளே சொல்லும்.

குழுவில் போட்டேன். வெள்ளைத்துரை ஐயா: "கெட்டுப் போனதுன்னா என் மருமகனக் கூட்டிட்டு வரவா தாயி?"

அழகுமலை அண்ணன்: "தங்கச்சி, கெமிஸ்ட்ரி படிச்சவங்கிறதக் காட்டுற. எங்களையும் குடுவையில போட்டுக் குலுக்குற. குலுக்கு, குலுக்கு."

சரண்யாவுக்குத் தனியாகப் போன் பண்ணி, ஒரு தடவை வா என்றேன். "உங்களுக்காக வாரேன்க்கா" என்றாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்தது. நடந்துவிட்டது!

நாற்பத்திரண்டு பேர். ஒரு மேஜையில் அடைத்துப்போன ஷவர் தலை, பக்கத்தில் எழுத்துப் பிழையோடு அச்சான கல்யாணப் பத்திரிகைக் கட்டு (வெள்ளைத்துரை ஐயாதான், மருமகனைக் கொண்டுவரவில்லை). இன்னொன்றில் தையல் விட்ட இடுப்பு பெல்ட். மல்லிகை ஏற்றுமதி பண்ணுகிற கருப்பு என்கிறவர் ஒரு தெர்மகோல் பெட்டியையே தூக்கி வந்திருந்தார். திறந்தால் பூவெல்லாம் பழுப்பேறி, வாடை.

"ஐஸ் வச்சுத்தான் அனுப்புறேன். போயிச் சேரையில இப்புடி ஆயிருது" என்றார். அதே மேஜையில் திவ்யா. தடுப்பூசி மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவள். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஐஸ நேரா பூ மேலயே வைக்கிறீங்களாண்ணே? அது குளிரல, கருகுது. நடுவுல அட்டை குடுங்க. பெட்டியையும் ஐஸையும் மொத நாளே குளிர வச்சுருங்க."

"அட்டையா? இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

கருப்பு அந்தப் பெட்டியையும் திவ்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். குலசாமி ஞாபகம் அவருக்கு வரவே இல்லை. யாருக்குமே வரவில்லை. தலைகள் எல்லாம் மேஜை மேல் குனிந்திருந்தன. சுவரில் ஒட்டிய விதிகளை ஒருத்தரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

அழகுமலை அண்ணன் தேங்காய் அளவுக்குச் சுவர்ப் பூச்சு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் பொரிந்து விழுகிறதாம். எதிரில் சரண்யா. அவள் அதை வாங்கி நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்! (நான்கூட அதைச் செய்ய மாட்டேன்.)

"கலவைக்கு போர் தண்ணி ஊத்துனீங்களாண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த போர் தண்ணீரில் உப்பு அதிகம், கட்டுமானத்துக்கு ஆகாது என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்பே ரிப்போர்ட் கொடுத்தவள் நான்.

அவள் காகிதத்தில் சுவரை வரைந்து, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது, எதுவரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று காட்டினாள். இருபது நிமிடம். அழகுமலை அண்ணன் குறுக்கே பேசாமல் இருபது நிமிடம் ஒரு மனுஷி பேசக் கேட்டது இதுதான் முதல் தடவை. "எம்மா, நாளைக்கே சைட்டுக்கு வா. அந்த பிளாக்கு முழுக்க நீயே பாரு" என்றார்.

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆசையாக இருக்கிறது.

ஆனால் கூட்டம் முடிந்து காபி குடிக்கிறபோது அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "பெல்லு அடிச்சாச்சுல்ல தங்கச்சி, இப்பக் கேக்கலாம்ல?" என்றார். சரண்யா பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊரும்மா?"

அவள் ஊரைச் சொன்னாள்.

"அட! நம்ம வாணி தங்கச்சி ஊருக்குப் பக்கத்து ஊருல்ல! ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

"காலனிண்ணே."

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அந்தப் பெண்.

அவர் முகம் கோணவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "ஓ... சரி சரி. நல்லாப் படிச்சிருக்கம்மா" என்றார். ஏற்கனவே சீனி போட்ட காபியில் மறுபடி சீனி போட்டார். யாரோ கூப்பிட்ட மாதிரி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். சுவர்த் துண்டு மேஜையிலேயே கிடந்தது.

அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

பத்து நாள் கழித்து எல்லோருக்கும் போன் பண்ணி, என்ன நடந்தது என்று கேட்பது என் ஏற்பாடு. கேட்காவிட்டால் கூட்டம் காபியோடு போய்விடும். காலையிலிருந்து பண்ணினேன். கருப்பின் பூ இரண்டு தடவை போய்ச் சேர்ந்து, இரண்டு தடவையும் வெள்ளையாகவே இறங்கியிருக்கிறது. திவ்யாவையே பெட்டி முழுவதும் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். இடுப்பு பெல்ட்டுக்குத் தையல்காரர் கிடைத்தாயிற்று. இப்படி ஏழு பேர்.

அழகுமலை அண்ணனைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"அந்தச் சுவரு என்னாச்சுண்ணே? சரண்யா வந்து பாத்தாளா?"

"அது... பாப்போம் தங்கச்சி. சின்னப் பிள்ள. அனுபவம் பத்தாது."

"அன்னைக்கு நாளைக்கே வான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்தான். இல்லேங்கல. வீடு வாங்குறவங்க நாலு பேரு வந்து பாப்பாங்கள்ல... உனக்குத் தெரியாததா? நமக்குள்ள யாராச்சும் ஆர்க்கிடெக்ட் இருந்தாச் சொல்லு."

நமக்குள்ள.

போனை வைத்தபிறகும் அந்தச் சொல் லேபிலேயே நின்றது. நமக்குள்ள என்றால் யார்? அவரும் நானும். ஒன்பது வருஷமாக நான் அந்தச் சொல்லுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். இன்று அதே சொல்லை வைத்துத்தான் கதவைச் சாத்துகிறார். நானும் உள்ளே நின்றுகொண்டு தாழ்ப்பாளைப் பிடித்திருக்கிறேன்.

நீ ரொம்ப யோக்கியமாடி? விதி எழுதுனியே, சுவத்துல ஒட்டுனியே. அந்தப் பிள்ள பட்டுன்னு சொல்லுச்சுல்ல. காபித் தம்ளரப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான நின்ன? "நானும் அந்தப் பக்கந்தாண்ணே"ன்னு நாலு வார்த்தை. வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த?

22 ஆகஸ்ட், வெள்ளி

சரண்யாவே கூப்பிட்டாள். அவர் சைட்டுக்குப் போனாளாம், வாட்ச்மேனே கேட்டில் நிறுத்தி "சார் ஊர்ல இல்ல" என்றாராம். உள்ளே அவர் குரல் கேட்டதாம். மைக் குரல் ஆயிற்றே.

அன்றைக்கு ஊரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருந்திருக்கலாம். அப்பறம் அந்த பில்டிங் முடியிற வரைக்கும் சும்மாவே இருக்கணும்லக்கா. எம்புட்டு நாளைக்குத்தான் ஒருத்தரு சும்மாவே இருக்க முடியும்?"

ஒன்பது வருஷம் இருக்க முடியும் என்று சொல்லவில்லை.

வரச் சொன்னது நான். அவமானப்பட்டது அவள். "அடுத்த கூட்டத்துக்கும் வருவியா?" என்றேன். "ஏன் வராம? வேற மேஜையில ஒருத்தரு மாடிப்படி வரையச் சொல்லியிருக்காரு. அவரு இன்னும் ஒண்ணும் கேக்கல" என்று சிரித்தாள்.

1 செப்டம்பர், திங்கள்

குழுக் கூட்டம், அழகுமலை அண்ணன் ஆபீசில். ஏழு பேர் தங்களுக்கு வேலை நடந்தது என்று எழுதியே கொடுத்துவிட்டதால் சூரியபிரகாஷுக்குக் கேலி பண்ண ஒன்றும் இல்லை. மூன்றாவது கூட்டத்துக்கு நூற்றிருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஹால்.

"எல்லாஞ் சரி மேடம். அந்த நாலாவது விதியை மட்டும் எடுத்துருவோம். புதுசா வாரவங்க தப்பா நெனைப்பாங்க. ஏதோ நம்ம வட்டத்துல அந்த மாதிரிப் பிரச்சினை இருக்குற மாதிரி" என்றார் சூரியபிரகாஷ்.

"இருக்கு" என்றேன்.

நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"நாலாவது விதி இல்லேன்னா மத்த மூணும் இல்ல. பொருளும் இல்ல, மேஜையும் இல்ல. நூத்தி இருபது பேருக்கும் நீங்களே சால்வை போட்டுக்கங்க சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சூரியபிரகாஷ் லேமினேட் பண்ணிய தாளைக் கீழே வைத்தார். வெள்ளைத்துரை ஐயா இருமிவிட்டு, "தாயி சொல்றதுலயும் நாயம் இருக்கப்பா. எனக்கே பத்திரிகை வேலை நாலு வந்துருக்கு. விதி கெடந்துட்டுப் போகட்டும்" என்றார். சால்வை சப்ளையர் என் கட்சிக்கு வந்தது இப்படித்தான்.

அழகுமலை அண்ணன் சிரித்தார். மனசாரத்தான் சிரித்தார், அதுதான் கஷ்டம். என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாளும் காரை அனுப்பியவர் இவர்.

"சரி, விதி இருக்கட்டும். அதுக்கு ஈடா எனக்கு ஒண்ணு குடு. தொடங்குறதுக்கு முன்னாடி பத்தே நிமிஷம் மேடை. ஒரே ஒரு சால்வை. உனக்கு. நான்தான் போடுவேன், நான்தான் பேசுவேன். 'யாருன்னு நெனச்சீங்க, நம்ம உசிலம்பட்டிப் பிள்ள, நம்ம ஆளு'ன்னு நூத்தி இருபது பேருக்கு முன்னாடி சொல்லணும் தங்கச்சி. மாட்டேன்னு சொல்லிறாத."

மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு "சரிண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒத்தக்கடை வரும் வரைக்கும் புரியவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

சுவர்த் துண்டை லேபில் நனைத்துத் துடைத்து வைத்திருந்தேன். காய்ந்ததும் மறுபடி பூத்துவிட்டது.

13 செப்டம்பர், சனி

நாளைக்குக் கூட்டம்.

மத்தியானம் ஹாலுக்குப் போய் இருபது மேஜையும் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்தில் சின்னதாக மேடை. வெள்ளைத்துரை ஐயா சால்வையைக் காட்டினார், மரூன் நிறம், சரிகை. "உனக்குன்னு தனியா எடுத்தேன் தாயி, கடைச் சரக்கு இல்ல." நாலு விதியும் சுவரில். நாலாவதை மட்டும் கொஞ்சம் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார், கேட்காமலே.

சரண்யா வருகிறாள். மாடிப்படி வேலை அவளுக்கே கிடைத்துவிட்டது. அழகுமலை அண்ணன் இன்னும் ஆர்க்கிடெக்ட் தேடுகிறார். அந்தச் சுவர் இன்னும் பொரிந்துகொண்டுதான் இருக்கிறது.

லேபில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் இன்று மேஜையைத் துடைத்துவிட்டுக் கிளம்பும்போது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை சாம்பிளில் பாதி வராமல் போகலாம். போகட்டும். மாதா மாதம் இருபது மேஜையில் நூற்றிருபது பேர் உட்காரும் ஊரில் எனக்குத் தண்ணீருக்குப் பஞ்சம் வந்துவிடாது. நான் செய்கிற வேலை சரியாக இருந்தால் வரட்டும். சிரித்து வாங்கிய வேலை சிரிப்போடு போனால் போகட்டும்.

இவர் நாளைக்கு உடுத்த வேண்டிய சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "மைக் குடுத்தா என்ன பேசப் போற?" என்றார்.

"தண்ணியப் பத்தி."

கொசுவத்தை இன்னொரு தடவை தேய்த்தார்.

எங்கள் ஊரில் கீழக் காலனி. தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த மூன்றாவது வீடு. எழுதிவிட்டேன்.

நாளைக்கு அவர் சால்வையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வருவார். அது என் தோளில் விழுவதற்கு முன்னால் மைக்கை வாங்கிச் சொல்லப் போகிறேன். விழுந்தபிறகு சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். முன்னால் சொன்னால், போடுவதா மடிப்பதா என்பது அவர் கையில். நான் நின்ற இடத்தில் நிற்பேன்.

ஊர் கேட்கக் கூடாது என்றுதான் நாலாவது விதி. சொல்லக் கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை.